திராட்சை வேகம், மல்லிகை வேகம்

காந்திகிராமத்தில் நாலு மாதம் குடியிருந்தால் போதும், உங்களுக்கு ஓர் அண்ணன் கிடைத்துவிடுவார். வீடு மாற்ற, சிமென்ட் மூட்டை ஏற்ற, சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோக, எதற்கும் அவரைத்தான் கூப்பிட்டாக வேண்டும். சின்னாளபட்டியில் ஒருவர், அம்பாத்துரையில் ஒருவர், வெள்ளோட்டுப் பக்கம் இரண்டு மூன்று பேர் என்று அண்ணன்கள் பரவியிருக்கிறார்கள். ஆள் வேறு, ரகம் ஒன்று. ஐம்பதைத் தாண்டிய வயசு, கழுத்தில் ஈரம் காயாத துண்டு, வேப்பமரத்தடியில் ஒரு குட்டியானை வண்டி. சிறுமலை அடிவாரத்தைப் பார்த்துப் போகும் மண் ரோடுகளில் வண்டி ஓட்டியே தலை நரைத்தவர்கள். ஊர் இவர்களுக்குக் கொடுத்திருக்கும் பட்டம், "ரோட்டைத் தெரிஞ்சவரு."

ரோட்டைத் தெரிந்தவர் ரோட்டைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களைத்தான் பார்ப்பார். உங்கள் மகன் என்ன படிக்கிறான், அவனுக்கு ஏன் இன்னும் வேலை கிடைக்கவில்லை என்பதை முகத்துக்கு நேராக விசாரித்துக்கொண்டே, கை மட்டும் தன் போக்கில் இடது பக்கம் அரைச் சுற்று, வலது பக்கம் கால் சுற்று என்று திருப்பும். பள்ளம் ஒன்று ஜன்னலுக்கு வெளியே பரிதாபமாகப் பின்னால் போகும்.

"முன்னாடி பாருங்கண்ணே" என்று முதல் தடவை நான் கத்தியபோது நிஜமாகவே அவர் மனம் புண்பட்டது.

"பாத்து ஓட்டுறது ரோடு தெரியாதவன் செய்யுற வேலை சார். இது நம்ம ரோடு."

இந்த 'நம்ம ரோடு' என்பதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு வேக வரம்பைப் பற்றியது. அதன் கீழ் மத்திய அரசு 2018 ஏப்ரலில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. விரைவுச் சாலையில் கார் 120 கிலோமீட்டர் வரை போகலாம் என்றது அது. நடுவில் தடுப்பு வைத்த நான்குவழிச் சாலையில் 100. நகராட்சி எல்லைக்குள் 70. கடைசிக் கட்டத்தில் 'மற்ற சாலைகள்' என்று ஓர் இனம்: அங்கேயும் காருக்கு 70, சரக்கு வண்டிக்கும் பைக்குக்கும் 60, ஆட்டோவுக்கு 50. பலகை வைத்து இதைக் குறைத்துக்கொள்ளலாம். பலகையே இல்லாத ஊரில் அந்த அறிவிக்கைப்படி இதுதான் கணக்கு. ஓணான் நடுவில் உட்கார்ந்து தலையாட்டும் எங்கள் செம்மண் ரோடு இந்த 'மற்ற'வுக்குள்தான் வருகிறது. டெல்லியில் உட்கார்ந்து எங்களுக்கு எழுபது வரை அனுமதித்த அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். புழுதியாகவும் இருக்கலாம்.

அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"அறுபதா? யாரு, நம்ம ரோட்லயா?"

"ஆமாண்ணே. சட்டப்படி போகலாம்."

"அதை எழுதுன ஆபீசரை ஒருநாள் கூட்டிட்டு வாங்க சார். பின்னாடி உக்கார வச்சு அறுபதுல போய்க் காமிக்கிறேன். அப்புறம் அவரே மாத்தி எழுதிருவாரு." சற்று யோசித்தார். "எழுதக் கை வேணும்ல, அதான் யோசனை."

அவருடைய வண்டியில் வேகமானி முள் பூஜ்யத்தில் படுத்து வருஷக்கணக்காகிறது. ஆகவே ஆதாரப்படி பார்த்தால் அவர் இந்த மாவட்டத்திலேயே வரம்பு மீறாத ஒரே ஓட்டுநர்.

முள் இல்லாமல் எப்படி வேகத்தை அறிகிறார் என்று கேட்பவர்களுக்கு அவர் ஊர்க்காரர்களே பதில் சொல்வார்கள். வண்டியில் என்ன ஏற்றியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

ஆகக் குறைந்தது திராட்சை வேகம். அடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து பன்னீர் திராட்சையைப் பெட்டி பெட்டியாக அடுக்கி ஏற்றுவார்கள். அடிப்பெட்டியில் சாறு கசிந்தால் வியாபாரி முகம் கோணும், விலை கோணும், வாடகையும் கோணும். அன்றைக்கு அண்ணன் பச்சைக் குழந்தையைத் தொட்டிலோடு தூக்கிப்போகிறவர் மாதிரி ஓட்டுவார். எறும்பு முந்தும். அவர் மகன் இறங்கித் துண்டை வீசி ஆடுமாடுகளை ஒதுக்கிக்கொண்டே முன்னால் நடப்பான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வரும். அங்கே 1865-இல் ஒரு சட்டம் போட்டார்கள். இயந்திர வண்டி எதுவானாலும் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். கூடவே ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு அறுபது கஜம் முன்னால் நடக்க வேண்டும். 1896 ஜனவரியில் வால்டர் அர்னால்ட் என்பவர் கென்ட் மாவட்டத்தில் ஊருக்குள் 8 மைல் வேகத்தில் 'பறந்தார்'. கான்ஸ்டபிள் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். ஒரு ஷில்லிங் அபராதம். அந்த வருஷ முடிவுக்குள் வரம்பை 14 மைலாக உயர்த்திவிட்டார்கள், கொடிக்காரருக்கு வேலை போயிற்று. திராட்சை சீசனில் எங்கள் ரோட்டில் அந்தச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. கொடிக்குப் பதில் துண்டு, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிர் மல்லிகை வேகம். மொட்டாகப் போய்ச் சேர்ந்தால் ஒரு விலை, வாய் திறந்துவிட்டால் வேறு விலை. விடியுமுன் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டும். இருட்டில் பூ மூட்டையோடு அண்ணன் கிளம்பினால், வழியில் கட்டிலைப் போட்டுத் தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே காலை மடக்கிக்கொள்வார்கள். நான் ஒரே ஒரு முறை மல்லிகை வண்டியில் போயிருக்கிறேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாராவது மல்லிகைப்பூ வாங்கி வந்தால் என் கை தானாகவே பிடிமானம் தேடுகிறது.

செங்கல் வேகத்தில் ரகசியம் ஒன்றுமில்லை. உடைந்தால் அரைக்கல் என்று கொத்தனார் எங்காவது சொருகிவிடுவார். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகும்போது வேகம் கூடலாம், குறையலாம், பிரேக் மட்டும் போடக்கூடாது. போட்டால் முப்பது ஆடும் ஒரே ஆடாகிவிடும்.

எனக்குப் பிடித்தது சீர் வேகம். பீரோ, கட்டில், கிரைண்டர், எவர்சில்வர் அண்டா எல்லாம் ஊர் கண்ணில் படவேண்டும். பெண் வீட்டார் வாடகை கொடுப்பதே அதற்குத்தான். அன்றைக்கு ரோடு தார் ரோடாகவே இருந்தாலும் வண்டி நடைவேகத்தைத் தாண்டாது. டீக்கடை முன்னால் ஒருமுறை காரணமில்லாமல் என்ஜின் ஆஃப் ஆகும். அண்ணன் இறங்கி டயரை ஓர் உதை உதைத்து, "காத்து இருக்கானு பாத்தேன்" என்பார். அதற்குள் டீக்கடை மொத்தமும் அண்டாக்களை எண்ணி முடித்திருக்கும்.

காலி வண்டி வேகம் என்றும் ஒன்று உண்டு. அதைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

"அப்போ பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனா என்ன வேகம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேகம்னு ஒண்ணும் கெடையாது சார். வெரசாப் போனாலும் வண்டியிலயே பெத்துரும், பையப் போனாலும் வண்டியிலயே பெத்துரும். ஒண்ணும் பேசாமப் போகணும். கூட வர்ற ஆத்தாமாரு பேசுவாங்க."

2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு அந்த வேலை அவருக்குக் குறைந்துவிட்டது. முழுசாகப் போய்விடவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டி வருகிறவருக்கு ரோடு தெரியாது. ராத்திரியில் தார் ரோட்டு முனையில் அண்ணன் மொபெட்டோடு காத்திருப்பார். முன்னால் மொபெட், பின்னால் நீல விளக்குச் சுழல ஆம்புலன்ஸ் என்று இரண்டும் ஊருக்குள் வருவதைப் பார்த்தால் ஏதோ மந்திரி வருகிற மாதிரி இருக்கும். மந்திரி மொபெட்டில்.

பிரசவம் பெரும்பாலும் காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனையில். ஆஸ்பத்திரியைச் சொன்னால் டாக்டர் சௌந்தரத்தைச் சொல்லாமல் போக முடியாது. கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். கார் அபூர்வமாக இருந்த காலத்திலேயே தென்னாட்டில் பஸ் விட்ட மனிதர் அப்பா. அன்றைய ரோடுகள் எல்லாமே கப்பியும் மண்ணும்தான். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் பஸ் டயரைப் பதம் பார்க்க, அவற்றைப் பொறுக்குவதற்காகவே காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓடவிட்டார் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அப்பா நாட்டைச் சக்கரத்தில் ஏற்றினார். மகளோ, ரயிலின் வேகத்தையே குற்றம் சொல்லி 1909-இல் புத்தகம் எழுதிய காந்தியின் பெயரில் ஊரை அமைத்தார். அப்பாவின் குடும்பத்துக் கம்பெனி 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50-ஐ அனுப்பிவைத்தது. இன்று இந்த ஊரில் கதர்க்கடைக்குப் போகிறவர்களும் அந்த வண்டியின் வாரிசில்தான் போகிறார்கள், முன்னால் புல்லுக்கட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில். காந்தி பார்த்திருந்தால் அந்த மொபெட்டை மட்டும் மன்னித்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

அண்ணனின் ரோட்டுக்குத் திரும்புவோம். அதில் வேகத்தடை என்று அரசாங்கம் எதையும் வைக்கவில்லை. இந்திய ரோடு காங்கிரஸ் என்ற அமைப்பு வேகத்தடைக்கு அளவு சொல்லியிருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கும்படி. எங்கள் ரோட்டில் இருப்பவை பைப்பு மேடுகள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் தென்னை. குறுக்கே பள்ளம் தோண்டி பைப்பைப் புதைத்து மேலே மண்ணைக் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். மேட்டின் உயரம், பைப்புக்காரருக்குத் தன் பைப்பின் மேல் எவ்வளவு பாசம் என்பதைப் பொறுத்தது. அண்ணன் மேடுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார். சித்தப்பா மேடு, வாய்க்கா மேடு, வக்கீல் மேடு. கடைசியதில் பைப்பு உடைந்து, வழக்காகி, எட்டு வருஷம் நடந்ததாம். அதன்மேல் மட்டும் வண்டியை ஏற்றும்போது அண்ணன் செருப்பைக் கழற்றாத குறை.

பைப்பு மேட்டையும் மதிக்காதவர்களுக்குக் கோழி இருக்கிறது. சட்டப்படி அதிவேகத்துக்கு அபராதம், 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறு வண்டிக்கு 1000 ரூபாயில் தொடங்குகிறது. கட்டினால் ரசீது உண்டு. கோழிக்கு அப்படி அட்டவணை கிடையாது. அடிபட்டது எதுவானாலும் அது முட்டையிடும் பருவத்துக் கோழி. அது இட்டிருக்கக்கூடிய முட்டை, அதிலிருந்து பொரித்திருக்கக்கூடிய குஞ்சு, அந்தக் குஞ்சுகளின் சந்ததி என்று கணக்கு மூன்று தலைமுறைக்குப் போகும். சேவல் என்றால் இன்னும் மோசம். வண்டியில் அடிபட்ட சேவல் ஒவ்வொன்றும் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலாகத்தான் இருந்திருக்கிறது. நேர்ந்துவிடாத சேவல் ஒன்றுகூட இதுவரை அடிபட்டதில்லை. ஆகவே கேமரா பார்த்தால்கூட மிதிக்காத பிரேக்கை, குப்பைமேட்டின் பக்கம் ஒரு சிவப்புக் கொண்டை தெரிந்தாலே அண்ணன் மிதித்துவிடுவார்.

சின்னாளபட்டிக்குள் நெசவாளர் தெருவில் பாவு விரித்திருந்தால் வேகம் பூஜ்யம். அங்கே ஹாரன்கூட அடிக்கமாட்டார். தெரு நீளத்துக்கு நூல் இழுத்துக் கட்டியிருக்கும்போது அவசரப்படுகிறவனுக்கு அடுத்த தீபாவளிக்கு அந்தத் தெருவில் சேலை கிடைக்காது.

போன சித்திரையில் நான் ஒரு விஞ்ஞானக் காரியம் செய்தேன். வண்டியில் போகும்போது, செல்போனில் வேகம் காட்டும் செயலியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். கதவு படபடவென்று அடித்துக்கொள்கிறது. பின்னால் ஜாக்கி உருள்கிறது. என் கண்ணாடி மூக்கைவிட்டுக் கிளம்பிக் கிளம்பித் திரும்புகிறது. ஜன்னல் பக்கம் பனைமரங்கள் ஓடுகின்றன. உயிருக்குப் பயந்து மடியைப் பார்த்தேன். 23.

"எம்புட்டு காட்டுது?" என்றார் அண்ணன்.

சொன்னேன். அவர் நம்பவில்லை. செல்போனை வாங்கிப் பார்த்தார், அப்போதும் ரோட்டைப் பார்க்காமல்தான்.

"இருபத்தி மூணா? மனசுக்கு அறுபதுல்ல வந்துச்சு! இந்த போனு தார் ரோட்டுக்குச் செஞ்சது சார். மண்ணுல சரியா வேலை செய்யாது."

அந்த இடத்தில் ரோடு தகரக் கூரை மாதிரி வரிவரியாகக் கிடந்தது. மழைக்குப் பிறகு காய்ந்த ரோட்டில் வண்டிகள் ஓடி ஓடி வரும் வரிகள். இவற்றின் மேல் போகும்போது கன்னச் சதை தனியாக ஆடும். அண்ணனின் சித்தாந்தம்: "இதுல பையப் போனாத்தான் குலுக்கும். வெரசாப் போனா குலுக்காது." குடிக்காத மனிதர் இப்படிப் பேசுகிறாரே என்று எனக்குச் சந்தேகம். பிறகு படித்துப் பார்த்தால் ஆளுக்குப் பாதி மார்க் போட வேண்டியிருக்கிறது. வேகமாகப் போனால் சக்கரம் வரிக்கு வரி தாவும், பள்ளத்தில் இறங்காது, குலுக்கல் குறையும். தாவுகிற நேரத்தில் சக்கரம் மண்ணைத் தொடாது, ஆகையால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் வெறும் அலங்காரம். அந்த மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. டொரண்டோவின் ஸ்டீபன் மோரிஸும் இன்னும் இருவரும் 2007-இல், சுற்றும் மணல் தட்டில் சக்கரத்தை உருட்டிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே உருட்டினால் மணல் சமமாகவே கிடக்கிறது, தாண்டினால் வரி விழத் தொடங்குகிறது. வண்டியில் ஸ்பிரிங் இருக்கிறதா, மணல் பொடியா பருக்கையா என்பதெல்லாம் அதைத் தடுப்பதில்லை. அதாவது அண்ணன் தாவிப்போகும் வரிகளை உண்டாக்கியதே அண்ணன்தான். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. மறுநாள் எனக்கு காஸ் சிலிண்டர் வர வேண்டியிருந்தது.

இத்தனை வீரமும் மண் முடிகிற இடத்தோடு சரி. வண்டி மண் ரோட்டைவிட்டு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறியதும் அண்ணன் வேறு ஆளாகிவிடுவார். முதுகு நிமிரும். இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடிக்கும். என் மகனைப் பற்றிய விசாரணை நின்றுபோகும். கண் முதல்முறையாக முன்னால் பார்க்கும். சட்டம் சரக்கு வண்டிக்கு 80 வரை விட்டிருக்கும் நான்குவழியில் அவர் 35-இல், அதுவும் வலது ஓரத் தடத்தில் போவார். கொடைக்கானலுக்குப் பறக்கும் கார்கள் எல்லாம் ஹாரனை அழுத்திக்கொண்டே இடது பக்கம் சுற்றிப் போகும்.

"இடது பக்கம் போகலாமேண்ணே."

"பள்ளம் இருந்தா?"

"நான்குவழியில ஏதுண்ணே பள்ளம்?"

"இருக்கா இல்லையானு தெரியாதுல்ல சார். இது நம்ம ரோடா?"

எதிரே கோழியில்லை, பைப்பு மேடில்லை, கையைக் காட்டி நிறுத்தும் அத்தை இல்லை. எதற்காக எந்த வேகத்தில் போவது என்று அவருக்கு ஒன்றும் புரிவதில்லை. வட்டப் பலகையில் 80 என்று எழுதியிருப்பதை, யாரோ முகவரி தெரியாதவர் வீட்டுக் கதவு எண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே கடந்துபோவார்.

போன வருஷம் எங்கள் ரோட்டுக்கும் தார் வந்தது. நூறு நாள் வேலையில் ஓரத்துக்கு மண் அணைத்தார்கள். நாட்டிலேயே அந்த வேலைத் திட்டம் முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று, 2006 பிப்ரவரியில். ஆகவே மண் அணைப்பதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நல்ல அனுபவம். ஜல்லி கொட்டி, ரோலர் ஓடி, ஒருநாள் ரோடு கறுப்பாகிவிட்டது. சித்தப்பா மேடும் வாய்க்கா மேடும் காணாமல் போயின. வக்கீல் மேடு மட்டும் மறுவாரமே தாருக்கு மேல் திரும்ப வந்தது. முதல் மாதம் இளவட்டங்கள் பைக்கில் விட்ட விடுதலையில் இரண்டு கோழி, ஒரு நாய்க்குட்டி, ஒரு முழங்கை. அதற்குப் பிறகு ரோட்டு முனையில் 40 என்று எழுதிய வட்டப் பலகை ஒன்றை நட்டார்கள்.

பலகை வந்த பிறகு அண்ணன் வண்டியில் முதல் சவாரி எனக்கு. காலி வண்டி. கும்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன். தார் ரோட்டில் ஏறியவுடன் தகர டப்பா சத்தமெல்லாம் அடங்கி வண்டி சர்ரென்று வழுக்கியது. செல்போனை மடியில் வைத்தேன். 48, 52, 55. மனசுக்கு இருபதுதான் வந்தது. பலகை தூரத்தில் தெரிந்தது. சட்டம் படித்தவன் என்ற முறையில் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணனே பிரேக்கை ஏறி மிதித்தார். டயர் கதறி, பலகைக்குச் சரியாக நாலு முழம் முன்னால் வண்டி நின்றது. என் நெற்றி கண்ணாடியைத் தொட்டுத் திரும்பியது.

பலகைக் காலில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. ஆடு அந்தப் பக்கத்து வேலியில் மேய்ந்துகொண்டிருக்க, கயிறு முழங்கால் உயரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே விறைப்பாக நின்றது.

"யாத்தா! கவுத்தைப் பிடி தாயி!" என்று அண்ணன் குரல் கொடுத்தார். வேலிக்குள்ளிருந்து, "இந்தா வாரேன்" என்று பதில் வந்தது. ஆள் வரவில்லை. அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்புறம் சார், பையனுக்கு என்னாச்சு?"